மூன்றாம் வரிசையில் நின்ற யானை

முதல் நாள், வெள்ளிக்கிழமை

எழும்பூரில் நேற்றிரவு ஏறிய நெல்லை எக்ஸ்பிரஸ், இன்று காலை வெயில் உறைக்கத் தொடங்கும் முன்பே எங்களைத் திருநெல்வேலி சந்திப்பில் இறக்கிவிட்டது. எங்களை என்றால் என்னையும் என் அக்காளின் பன்னிரண்டு வயது மகனையும். பாளையங்கோட்டையில் பள்ளி ஒன்றில் 15 வயதுக்குட்பட்டோருக்கான சதுரங்கப் போட்டி மூன்று நாள் நடக்கிறது. அக்காளுக்கும் அத்தானுக்கும் விடுப்புக் கிடைக்காததால் அவனை அழைத்து வரும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் மகிழ்ச்சியோடுதான் ஏற்றுக்கொண்டேன். இது நான் பிறந்து வளர்ந்த சீமை. இந்த ஆட்டம் என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஆட்டோ சுலோசன முதலியார் பாலத்தில் ஏறியதும் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக விடச் சொன்னேன். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற தலைமை அலுவலராக இருந்தவர் தம் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் இது, 1843இல் திறக்கப்பட்டது. மே மாதத்துத் தாமிரபரணி பாறைகளுக்கும் அமலைச் செடிகளுக்கும் இடையில் ஒடுங்கிப் போயிருந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பையன் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் கைப்பேசிக்குள் போய்விட்டான். ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளில் ஒன்றான இத்தாலியன் ஓப்பனிங் பற்றிய காணொளி ஒன்றை ரயிலில் தூங்கிய நேரம் போக மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான்.

பெருமாள்புரத்தில் அத்தை வீட்டில் குளித்து, இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்குள் பள்ளிக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டோம். மொத்தம் ஏழு சுற்றுகள். இன்று இரண்டு, நாளை மூன்று, ஞாயிறன்று இரண்டு. சுவிஸ் முறை என்பதால் தோற்றவர்கள் வெளியேறுவதில்லை. ஒரே அளவு புள்ளி வைத்திருப்பவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டுக்கொண்டே போவார்கள். ஆளுக்கு 60 நிமிடம். அதோடு ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கடிகாரத்தில் கூடும். இப்படி 30 விநாடி கூடும் ஆட்டங்களில் நேரம் எவ்வளவு குறைந்தாலும் கடைசி நகர்வு வரை ஆட்டத்தாளில் எழுதியே ஆக வேண்டும் என்பது விதி. தலைமை நடுவர் இதைத் தமிழில் இரண்டு முறை சொன்னார். முன்வரிசையில் இருந்த சின்னப் பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

பெற்றோருக்கு அரங்கினுள் இடமில்லை. தாழ்வாரத்துச் சன்னல் கம்பிகளே எங்களுக்குக் கிடைத்த இடம். நிழலில் உட்கார நான்கு பெஞ்சு கூடப் போடாமல், நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மே மாத வெயிலில் நாள் முழுக்க நிற்கவைப்பது சரியில்லை என்று அமைப்பாளர் ஒருவரிடம் சொன்னேன். நாளை பார்க்கிறோம் என்றார்.

முதல் சுற்றில் 22 நகர்வில் வென்றான். இரண்டாம் சுற்றில் கோவில்பட்டியிலிருந்து வந்த, இவனைவிட இரண்டு வயது மூத்த பையனிடம் தோற்றான். தோற்ற விதத்தை எழுத வேண்டும். அவனுக்கு இரண்டு குதிரைகள் இருந்தன. ராஜாவின் பக்கத்துக் குதிரையை நகர்த்த நினைத்தவன், யோசனையெல்லாம் அடுத்த நகர்வில் இருக்க, கையை ராணிப் பக்கத்துக் குதிரையின் தலைமேல் வைத்துவிட்டான். உடனே கையை எடுத்தும்விட்டான். எதிரில் இருந்தவன் நடுவரைக் கூப்பிடவில்லை, ஒன்றும் பேசவும் இல்லை. அந்தக் குதிரையை மட்டும் பார்த்தான். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். இவன் அந்தக் குதிரையையே நகர்த்தினான். ஐந்து நகர்வில் ராணி போயிற்று. யாரும் கேட்காமலே தொட்ட காயை நகர்த்தினானே என்று எனக்கு நிறைவாக இருந்தது. அவனிடம் சொன்னேன். அழுகை வந்ததால் அவன் காதில் அது விழவில்லை.

வெளியே வரும்போது வாசலில் ஒரு தகப்பனார், எட்டு வயதுகூட இருக்காத தம் மகளிடம், "இதுக்கா ஐநூறு ரூவா கட்டி கூட்டிட்டு வந்தேன்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தை ஆட்டத்தாளை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே நின்றது. நானும் பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மாவும் அவர் அருகில் போய் நின்றோம். அவர் பேச்சை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை

இரவு பத்தரை மணிக்கு இதை எழுதுகிறேன். பையன் தூங்கிவிட்டான். காலையில் நடந்த மூன்றாம் சுற்றையும் பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கிய நான்காம் சுற்றையும் அவன் வென்றுவிட்டான். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நடுவில் பள்ளி வாசலில் ஓலைப்பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்தோம். மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய ஐந்தாம் சுற்றை மட்டும் முழுமையாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

நான்கு ஆட்டத்தில் மூன்று புள்ளி பெற்றிருந்த இவனுக்கு அதே மூன்று புள்ளியோடு எதிரில் வந்தவள் களக்காட்டுச் சிறுமி ஒருத்தி. பதின்மூன்று வயது இருக்கும். பள்ளிச் சீருடை, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி. உட்கார்ந்ததும் ஆட்டத்தாளைத் தன் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, பேனாவை மூடியோடு அதன் மேல் நேராக வைத்தாள். அவர்களுக்குக் கிடைத்த மேசை சன்னலை ஒட்டி இருந்ததால் பலகை முழுவதும் எனக்குத் தெரிந்தது.

இவனுக்கு வெள்ளை. இத்தாலியன் ஓப்பனிங்கில் பன்னிரண்டாம் நகர்வு வரை மனப்பாடமாக வைத்திருந்தான். அவள் ஆறாம் நகர்விலேயே வேறு வழியில் போய்விட்டாள். காணொளியில் பார்க்காத இடம் வந்ததும் இவன் கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஆனாலும் நன்றாகவே ஆடினான். 31ஆம் நகர்வில் குதிரையால் ராஜாவுக்குச் செக் சொல்லிக்கொண்டே ஒரு சிப்பாயை வெட்டினான். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பேனா மூடியைத் திறந்து எழுதினாள், மூடினாள், பலகையைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் செய்தது எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு சிப்பாய் குறைவாக இருப்பவர்கள் காய்களை வெட்டிக் குறைக்கத் தயங்குவார்கள். இவளோ ராணியைக் கொடுத்து ராணியை வாங்கினாள், குதிரைகளை மாற்றினாள், சிப்பாய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தாள். 52ஆம் நகர்வு முடிந்தபோது வெள்ளைக்கு ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். கறுப்புக்கு ராஜா, ஒரு யானை. வேறொன்றும் பலகையில் இல்லை.

எங்கள் வீட்டில் யானை என்போம்; பயிற்சி வகுப்புப் பிள்ளைகள் ரூக் என்கிறார்கள். நான் யானை என்றே எழுதுகிறேன்.

பலகை இப்படி இருந்தது (ஏ முதல் எச் வரை நெடுக்குக் கட்டங்கள், 1 முதல் 8 வரை வெள்ளையின் பக்கமிருந்து எண்ணும் குறுக்கு வரிசைகள்). வெள்ளை ராஜா டி5, சிப்பாய் இ5, யானை எச்7. கறுப்பு ராஜா இ8, யானை ஏ6. வெள்ளையின் சிப்பாய் இன்னும் மூன்று கட்டம் போனால் ராணியாகிவிடும். அதைத் துணைக்கு நின்று கொண்டுபோக ராஜாவும் பக்கத்தில் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு வெள்ளை ஜெயித்துவிடும் என்றே தோன்றும். ஆனால் கறுப்பு யானை நிற்கும் ஆறாம் வரிசை, கறுப்பின் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாம் வரிசை, முழுக்க அந்த யானையின் பார்வையில் இருக்கிறது. வெள்ளை ராஜா அந்த வரிசையில் கால் வைக்க முடியாது. வைக்காமல் கறுப்பு ராஜாவை மிரட்டவும் முடியாது. யானை ஏ6இலிருந்து பி6, பி6இலிருந்து ஏ6 என்று காவல் நடந்துகொண்டிருந்தால் போதும். பொறுமை இழந்து வெள்ளை தன் சிப்பாயை இ6க்குத் தள்ளினால், அந்த நொடியே யானை பலகையின் மறுகோடியான முதல் வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக் சொல்லத் தொடங்கும். ராஜா ஒளிந்திருக்க வேண்டிய இ6 கட்டத்தில் இப்போது அதன் சிப்பாயே நிற்பதால் ஒளிய இடமிருக்காது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கிய தற்காப்பு இது. சதுரங்கத்தில் தம் காலத்தின் பெரிய ஆட்டக்காரராக இருந்த அவர் இசை நாடகங்கள் இயற்றிய இசைக்கலைஞரும்கூட.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு இது டிரா என்று தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது அந்த யானை நின்ற இடத்திலேயே தெரிந்தது. இவனுக்கு மட்டும் தெரியாது. ஒரு சிப்பாய் அதிகம், எனவே ஜெயிக்க வேண்டும் என்ற கணக்கில் அவன் உட்கார்ந்திருந்தான். இடையில் ஒரு முறை தலையைத் தூக்கிச் சன்னல் பக்கம் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தேன். வெளியில் நிற்பவர்கள் கண்ணாலும் ஆட்டத்தில் தலையிடக் கூடாது. என் முகத்தில் அவன் ஏதாவது படித்துவிடுவானோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

63ஆம் நகர்வில் அவள் காயைத் தொடவில்லை. ஆட்டத்தாளில் எழுதினாள், கடிகாரத்தை நிறுத்தினாள், கையைத் தூக்கினாள். தான் எழுதியிருக்கும் நகர்வை ஆடினால் ஒரே நிலை மூன்றாம் முறையாக வரும், ஆகவே டிரா என்று நடுவரிடம் கோரினாள். காயை நகர்த்திய பிறகு கேட்டால் செல்லாது; எழுதிவிட்டு, நகர்த்தாமல் கேட்க வேண்டும். பெரியவர்கள் போட்டிகளிலேயே பலர் தவறவிடும் முறை இது. நடுவர் முதலில் இவனுடைய தாளை எடுத்துப் பார்த்தார். எங்கோ நாற்பதாம் நகர்வுக்குப் பிறகு ஒரு கட்டம் விட்டுப்போய், வெள்ளையின் நகர்வு கறுப்பின் பத்தியிலும் கறுப்பின் நகர்வு அடுத்த வரியிலுமாகத் தாறுமாறாகிக் கிடந்தது. அதை வைத்துவிட்டு அவளுடைய தாளை எடுத்தார். பக்கத்து மேசையில் வேறொரு பலகையைப் போட்டு, 52ஆம் நகர்விலிருந்து இரண்டு பிள்ளைகளையும் பார்க்கவைத்து ஒவ்வொன்றாக ஆடிக் காட்டினார். அவள் மூன்று என்று எண்ணியதில் ஒரு முறை வெள்ளை யானை எச்7இல் இல்லை, ஜி7இல் நின்றிருந்தது. நிலை இரண்டு முறைதான் வந்திருந்தது. கோரிக்கை தள்ளுபடி, விதிப்படி எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல், எழுதிய நகர்வை அவள் ஆடியே ஆக வேண்டும்.

அவள் தலையசைத்தாள். யானையை ஏ6இல் வைத்தாள். மணி ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. அரங்கில் நான்கு மேசைகளில்தான் ஆட்டம் மீதி இருந்தது. குழல்விளக்கின் வெளிச்சத்தில் அவள் கையை நான் கவனித்தேன். நடுங்கவில்லை, ஆனால் கட்டைவிரலால் ஆட்காட்டி விரலின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கோரிக்கை தோற்ற பிறகு பிள்ளைகள் பெரும்பாலும் உடைந்து, அடுத்த மூன்று நான்கு நகர்வில் ஏதாவது ஒன்றைக் கைவிடுவார்கள். இரண்டு நிமிடம் வரவான தெம்பில் இவன் 66ஆம் நகர்வில் சிப்பாயை இ6க்குத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை நேரம் அந்த வரிசையை விட்டு அசையாத யானையை இரண்டு விரலால் பிடித்து, தூக்காமல், பலகையோடு உரசியபடி ஏ1 வரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். பிறகு தண்ணீர் குடித்தாள்.

ராஜா டி6க்குப் போனால் டி1இல் செக். இ5க்கு வந்தால் இ1இல் செக். எஃப் பக்கம் ஓடினால் எஃப்1இல் செக். செக்குகளிலிருந்து தப்பி ராஜா கீழே இறங்கி யானையை நெருங்கினால் மேலே சிப்பாய் அனாதையாகிவிடும். பன்னிரண்டு நகர்வுகள் இவன் தேடிப் பார்த்தான். 78ஆம் நகர்வை ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்தும் முன், "டிரா?" என்றான். அவள் கையை நீட்டினாள். இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் வைத்தார்கள். மணி ஏழு இருபது.

வெளியே வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு சிப்பாய் ப்ளஸ், சித்தி. எங்க விட்டேன்னே தெரியல." வீட்டுக்கு வந்தபின் அத்தை, "தோக்கலைல்லா, பெறகென்ன? சாப்பிடுல" என்று சொதியும் சோறும் போட்டாள். பாதிச் சாப்பாட்டில் என்னிடம் கேட்டான்: "குகேஷ் விட்டாரா? அவரும் ஒரு சிப்பாய்தான அதிகம் வச்சிருந்தார்?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக சாம்பியன் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில், குகேஷ் கறுப்புக் காய்களோடு ஒரு சிப்பாய் மட்டும் அதிகமாக வைத்துக்கொண்டு விடாமல் ஆடினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் டிரா என்றே நினைத்தார்கள். எதிரில் ஆடிய டிங் லிரன் 55ஆம் நகர்வில் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தது பிழையாகி, 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். இறுதிக் கணக்கு ஏழரைக்கு ஆறரை. தமிழ்நாட்டில் சதுரங்கம் ஆடும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்கிறது. அதனால் ஒரு சிப்பாய் அதிகமென்றால் விடாமல் அழுத்த வேண்டும் என்று எல்லோரும் கற்றிருக்கிறார்கள். அது சரிதான், நீ அழுத்தியதில் தவறே இல்லை என்றேன். ஆனால் குகேஷுக்கு அந்த நிலையில் எங்கே பிழை நேரக்கூடும் என்று தெரிந்திருந்தது. நீ என்ன பிழையை எதிர்பார்த்தாய் என்று கேட்டேன். யோசித்தபடியே தூங்கப் போய்விட்டான்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

இன்று காலை எட்டு மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டோம், அவன் அவசரப்படுத்தியதால். களக்காட்டிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து அவளும் அவள் அப்பாவும் வந்திருந்தார்கள். வாழை விவசாயம் செய்கிறவர். எங்களைப் பார்த்ததும், "வாங்க அக்கா, இந்த மரத்தடியில இருப்போம்" என்று துண்டால் கல்லைத் துடைத்துவிட்டார். இவன் எதுவும் பேசாமல் பையிலிருந்து காந்தப் பலகையை எடுத்து, 52ஆம் நகர்வின் நிலையை வைத்தான்.

அடுத்த முக்கால் மணி நேரம் நான் கண்டது, இந்த மூன்று நாளில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. வெள்ளை யானையை இவன் எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தான். பி7இல் வைத்தால்? அவள் ஜி6க்குப் போனாள். ராஜாவை எஃப்5க்குக் கொண்டுபோனால்? அவள் மறுபடி ஏ6க்கு வந்தாள். "நீ சும்மாவே இருக்கியே" என்று இவன் சலித்துக்கொண்டான். "நீ சிப்பாயத் தள்ளுத வரைக்கும் நான் இந்த வரிசையிலதான் இருப்பேன். நீ தள்ளிட்டேன்னா நான் கீழ போயிருவேன். அவ்வளவுதான்" என்றாள். பிறகு பலகையைத் திருப்பி அவனைக் கறுப்புப் பக்கம் ஆடச் சொன்னாள். அவன் இரண்டாம் நகர்விலேயே செக் சொல்லும் ஆசையில் யானையை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டான். அவள் வெள்ளை ராஜாவை மேலே ஏற்றினாள். எட்டு நகர்வில் சிப்பாய் ராணியானது. "பாத்தியா" என்றாள். மறுபடி வைத்தார்கள். மூன்றாம் முறை அவன் காத்துக்கொண்டான்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஊர் நூலகத்துக்குத் தினமும் வரும் பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர் என்றாள். அவர் முதல் ஆறு மாதம் முழுப் பலகையையும் வைக்கவே விடவில்லையாம். ராஜாவும் சிப்பாயும், பிறகு ராஜாவும் யானையும், இப்படிக் காய்களைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார். 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த காபாபிளாங்காவும் ஆட்டத்தைக் கடைசிப் பகுதியிலிருந்தே கற்க வேண்டும் என்ற கருத்துடையவர். அந்தப் பெரியவர் அதைப் படித்தாரா, தாமாகவே கண்டுகொண்டாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. சென்னையில் நாங்கள் மாதம் பணம் கட்டும் வகுப்பில், இரண்டு ஆண்டில், யானை எண்ட்கேமை ஒரு நாள்கூட எடுக்கவில்லை. ஓப்பனிங் சொல்லிக்கொடுத்தால் அடுத்த வாரமே வெற்றி தெரியும், பெற்றோர் மகிழ்வார்கள். இதற்குப் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். நானும் இதுவரை அந்த வகுப்பில் இதைக் கேட்டதில்லை. ஊருக்குத் திரும்பியதும் கேட்கப் போகிறேன்.

தன் ஆட்டத்தாள் தாறுமாறானதில் அவனுக்கு வெட்கம் இருந்தது. அவளுடைய தாளைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவளிடம் கார்பன் படிதான் இருந்தது. எழுத்துகள் மங்கலாக, ஆனால் ஒவ்வொன்றும் தன் கட்டத்துக்குள் நின்றன. 63ஆம் நகர்வின் பக்கத்தில் கோரிக்கை தோற்றதைக் குறித்துச் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தாள். புதிய தாளில் 70ஆம் நகர்வு வரை அவன் எழுதுவதற்குள் ஆறாம் சுற்றுக்கு மணி அடித்துவிட்டது.

ஆறாம் சுற்றில் தோற்றான், ஏழாம் சுற்றில் வென்றான். மொத்தம் நாலரைப் புள்ளி. அவளுக்கும் நாலரை. ஆனால் அட்டவணையில் அவள் இவனுக்கு இரண்டு இடம் மேலே இருந்தாள். சமமான புள்ளி வந்தால், அவரவர் மோதிய எதிராளிகள் எல்லோரும் சேர்ந்து எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று கூட்டிப் பார்ப்பார்கள். கூடுதல் வலுவானவர்களோடு ஆடியவருக்கு மேலிடம். இதை அவனுக்கு விளக்கத் தொடங்கினேன். "தெரியும் சித்தி, சரியாத்தான் இருக்கு" என்றான்.

பரிசு விழா சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தொடங்கியது. பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். இவன் அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்து மரத்தடியைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த தாளை மடிக்காமல் பைக்குள் வைத்தான். பெஞ்சு கடைசி நாள் வரை வரவில்லை.

நான்காம் நாள், திங்கட்கிழமை

காலையில் செங்கோட்டைப் பாதை ரயிலில் அம்பாசமுத்திரத்துக்கு வந்தோம். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு நிலையமாகத் தாண்டித் தாண்டி மேற்கே மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, "மெலிஞ்சு போயிட்டான்" என்றாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் அதையேதான் சொல்வாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பரணிலிருந்து அப்பாவின் பலகையை இறக்கினேன். ஊர்த் தச்சர் செய்த பலகை. காய்களைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்போம். கறுப்பு யானைகளில் ஒன்று நான் பிறப்பதற்கு முன்பே தொலைந்துபோய், அதன் இடத்தில் அம்மாவின் தையல் நூல் சுற்றிய மரக்கட்டை ஒன்று நிற்கிறது. அப்பா திண்ணையில் நண்பர்களோடு ஆடியது நாட்டு விதிப்படி: சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும், கோட்டை கட்டுவது கிடையாது, ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆண்டில்தான் அவர் எங்களோடு ஆடும்போது உலக விதிகளுக்கு மாறினார். "இனி இப்பிடித்தான் ஆடணும், வெளியூர்ல போய் ஆடணும்லா" என்றார். நான் ஒன்பது வயதில் இருந்தேன். வெளியூர் போய் ஆடும் வாய்ப்பு எனக்கு வரவில்லை. அக்காள் மகனுக்கு வந்திருக்கிறது.

பையன் 66ஆம் நகர்வுக்கு முந்திய நிலையை வைத்தான். கறுப்பு யானைக்கு அந்த நூல்கட்டையைத்தான் எடுத்துக்கொண்டான். புதிய ஆட்டத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, 71ஆம் நகர்விலிருந்து நினைவுபடுத்தி நிரப்பத் தொடங்கினான். கடைசி நான்கு நகர்வுகள் அவனுக்குத் தெளிவாக நினைவிருந்தன. பின்னாலிருந்து முன்னால் வந்தான். 74ஆம் நகர்வில் நின்றுவிட்டான். அவன் ராஜா டி பக்கம் போனதா, எஃப் பக்கம் போனதா என்று அவனுக்கு நினைவில்லை. டி பக்கம் போயிருந்தால் அவள் செக் டி1இல். எஃப் பக்கமென்றால் எஃப்1இல். இரண்டையும் ஆடிப் பார்த்தான். இரண்டும் அடுத்த நகர்வோடு பொருந்தின. சன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்த எனக்கும் நினைவில்லை.

எது எழுதினாலும் டிராதானே, ஏதாவது ஒன்றை எழுது என்றேன்.

"டிராதான், அது தெரியும் சித்தி. ஆனா நடந்ததத்தான எழுதணும்" என்றான். 74ஆம் நகர்வுக்கான இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு, மற்றவற்றை நிரப்பி, கீழே முடிவு என்ற இடத்தில் அரைக்கு அரை என்று எழுதினான். அடுத்த போட்டிக்கு அவள் வந்தால் கேட்டு எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, நூல்கட்டையை டப்பாவில் போட்டு மூடினான்.